குரல் மொய்

பனங்குழிக்காடு கடைத்தெருவில் ஆளுங்கட்சி வேட்பாளர் நீலமேகம் மைக்கைப் பிடித்து, "தாய்மார்களே, பெரியோர்களே" என்று தொடங்கியதுமே கூட்டம் சிரித்துவிட்டது. வாயை அசைத்தவர் நீலமேகம். ஒலிபெருக்கியில் வந்ததோ தென்னை நார் மில் முதலாளி வைரக்கண்ணுவின் குரல். அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவது போன்ற அந்தக் கனத்த குரலைத் தெரியாதவர் ஊரில் இல்லை.

"மொதலாளி, சம்பளம் இந்த வாரமாச்சும் வருமா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"வரும், வரும்" என்று சொல்லிவிட்டு நீலமேகம் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருடைய நாக்கு கடிபட்ட சத்தம்கூட வைரக்கண்ணுவின் குரலில்தான் வந்தது.

பூக்கடை நிழலில் நின்றிருந்த தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. அதே சட்டசபைத் தேர்தலில் அவளும் சுயேச்சையாக நின்றாள். நேற்றுவரை அவள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர். இடையில் நகராட்சி ஒரு தானியங்கிக் குரலை வைத்துப் பார்த்தது. பயணிகள் அதைப் பாத்திரக் கடை விளம்பரம் என்று நினைத்துக் காதில் வாங்காமல் பேருந்தைக் கோட்டைவிட்டார்கள். மறுபடி அவளையே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். 'பட்டுக்கோட்டை போகும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது' என்று அவள் சொன்னால், போகிற வேலை இல்லாதவர்கூட ஒரு நிமிடம் எழுந்து நிற்பார் என்பது ஊர்ப் பேச்சு.

அந்தப் பேருந்து நிலையத்தைத்தான் இப்போது ஊருக்கு வெளியே, புறவழிச்சாலைக்கு மாற்றப் போகிறார்கள். புதிய இடத்தைச் சுற்றியிருக்கிற தென்னந்தோப்பெல்லாம் வைரக்கண்ணுவுடையது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் பழைய நிலையத்தின் வாசலில் இருக்கின்றன. கேட்பதற்கு ஒருவரும் இல்லாததால், தமயந்தி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வேட்புமனு போட்டாள்.

"பாத்தியா, முக்கால்வாசி வைரக்கண்ணு. மிச்சம் கால்வாசிதான் நீலமேகம்" என்றாள் பக்கத்தில் நின்ற வேம்பரசி. தமயந்தியின் பெரியம்மா மகள். அவளுடைய தேர்தல் முகவரும் அவள்தான். "அந்தக் கால்வாசியும் எங்கிட்டு இருக்குன்னு தேட வேண்டியிருக்கு."

இந்தக் குரல் சட்டம் வந்து இது மூன்றாவது தேர்தல். அதற்கான கருவிக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. மக்கள் வைத்த பெயர் 'காட்டிக்கொடுப்பான்'. டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. அது இல்லாமல் எந்த வேட்பாளரும் மைக்கில் பேசவோ, பேசியதைப் படம்பிடித்து அனுப்பவோ முடியாது.

தமயந்தியின் பிரசார வண்டியில் பெட்டியைப் பொருத்த வந்த தேர்தல் அலுவலகப் பொறியாளர் ஜெயசீலன் இளைஞர், பொறுமைசாலி. ஒவ்வொரு வேட்பாளரிடமும் இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவர்.

"இப்ப இதுக்குள்ள யார் குரல் இருக்கு சார்?" என்று கேட்டாள் தமயந்தி.

"உங்க குரல் மட்டும்தாங்க. உங்க சொந்தப் பணம் மட்டும்தானே போட்டிருக்கீங்க. யாராச்சும் நன்கொடை குடுத்தா எங்க முன்னால வந்து பேரைச் சொல்லி நாலு வரி பேசணும். பெட்டி அந்தக் குரலைப் புடிச்சுக்கும். பத்துல ஒரு பங்கு பணம்னா பத்துல ஒரு பங்கு குரல். வார்த்தையெல்லாம் உங்களோடது. குரல்தான் கலப்பு."

"ஜெயிச்சப்புறம் எடுத்துருவீங்கள்ல?"

"அஞ்சு வருசத்துக்கும் அதே கலவைதாங்க. சட்டசபை மைக்குலயும்."

வேம்பரசி முகத்தைச் சுளித்தாள். "இவ்வளவு கூத்து எதுக்குத் தம்பி? யாரு எவ்வளவு குடுத்தான்னு அச்சடிச்சு ஒட்டிவிட்டாப் பத்தாதா?"

"முன்னாடி அப்படித்தான் அக்கா இருந்துச்சு. எந்தக் கம்பெனி, எவ்வளவுன்னு பக்கம் பக்கமா வெளியிட்டாங்க. யாரு படிச்சா? காது எல்லாருக்கும் இருக்குல்ல."

காது இருந்ததால் வேடிக்கைக்கும் குறைவில்லை. போன தேர்தலில் பக்கத்துத் தொகுதியில் ஒரு கிரானைட் அதிபர், தன் குரல் எடுபடாது என்று பாட்டு டீச்சரான மச்சினி பெயரில் பணம் கொடுத்தார். கத்தை மீசை வேட்பாளர் ஒருவர் அந்த மெல்லிய குரலில் சாலை போட்டுத் தருவதாக ஓட்டுக் கேட்டுக் கெஞ்ச, டெபாசிட் போனது. இன்னொருவர் மனைவியின் நகையை அடகு வைத்து நின்றார். மேடையில் முழுக்க மனைவியின் குரலே வந்தது. வீட்டிலும் நிலைமை அதுதான் என்பது ஊருக்குத் தெரிந்திருந்ததால், உள்ளதை மறைக்காத மனுஷன் என்று ஜெயிக்க வைத்தார்கள்.

தமயந்தியின் பெட்டியில் தமயந்தி மட்டும் இருந்தாள். அதுதான் சிக்கல். அவள் சேமிப்பு ஒரு வண்டிக்கும் ஓர் ஒலிபெருக்கிக்கும்தான் போதுமாக இருந்தது. தொகுதியோ கடற்கரை வரைக்கும் நீண்டு கிடந்தது. அவள் ஒரு கிராமத்தில் பேசி முடிப்பதற்குள் நீலமேகத்தின் வண்டிகள் வைரக்கண்ணுவின் குரலை ஒரு பிர்க்காவின் அத்தனை ஊரிலும் கொட்டிவிட்டுப் போயின.

இந்த நிலைமையில் வைரக்கண்ணுவே ஒரு நாள் காலை அவள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தார் வாழைப்பழம். உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தார்.

"நீலமேகத்துக்குக் குடுத்தேன், உனக்கும் தர்றேன் தங்கச்சி. நான் கட்சி பாக்குறவன் இல்ல."

"வேணாம்ணே."

"ஏன், என் குரல் அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"உங்க குரலுக்கு என்னண்ணே, கம்பீரமா இருக்கு. ஆனா அந்தக் குரல்ல நின்னு, பஸ் ஸ்டாண்ட மாத்தாதேன்னு நான் பேசினா, ஊரு என்ன நினைக்கும்?"

வைரக்கண்ணு வாய்விட்டுச் சிரித்தார். கோபப்படத் தெரியாத மனிதர்; கோபப்படத் தேவையும் அவருக்கு வந்ததில்லை. "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. நல்ல குரல்தான் உனக்கு. ஆனா காதுல விழாத குரல் நல்லா இருந்து என்னத்துக்கு?"

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி வாழைப்பழத்தோடு அங்கேயே இருந்தது. வேம்பரசி ஒரு பழத்தை உரித்துக்கொண்டே யோசித்தாள்.

"மொய் விருந்து போடுவோம்டி" என்றாள்.

"எதுக்கு? யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணத்துக்குத்தான் போடணுமா? கடை வைக்கப் போடுறான், போர்க்கெணறு போடப் போடுறான், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பப் போடுறான். நீ எலெக்சனுக்குப் போடு. நம்ம பக்கத்துல மொய்யின்னா எவனும் மாட்டேன்னு சொல்ல மாட்டான். அவன் வீட்டு விசேசத்துக்கு நீ திருப்பிச் செஞ்சுதானே ஆகணும்?"

மொய் விருந்து என்றால் கிடாக்கறி. ஜெயசீலனிடம் அனுமதி கேட்கப் போனபோது அவர் பதறிவிட்டார். "வாக்காளருக்குக் கறிச்சோறு போட்டா அது லஞ்சம் அக்கா! வேணும்னா மோர் குடுங்க. சுண்டல் வரைக்கும் நான் கண்டுக்க மாட்டேன்."

"சுண்டலா? மொய் விருந்துல சுண்டலா? அழைப்பிதழைப் பாத்துட்டு இடைவேளை விட்ட சினிமாக் கொட்டகைன்னு நினைப்பாங்க தம்பி."

கடைசியில் சுண்டல்தான். 'கறி இல்லை, மன்னிக்கவும்' என்று அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். அந்த வட்டாரத்தில் அப்படி ஓர் அழைப்பிதழை யாரும் பார்த்ததில்லை. பார்ப்பதற்காகவே பாதிப் பேர் வந்தார்கள். மண்டபத்தில் வழக்கமாக மொய் எழுதும் மேசை இருக்கும் இடத்தில் ஜெயசீலன் மைக்கோடு உட்கார்ந்தார். பேரைச் சொல், ஊரைச் சொல், தொகையைச் சொல், நாலு வரி பேசு. என்ன பேசுவது என்று தெரியாமல் ஒருவர் தன் மாட்டின் அருமை பெருமைகளைச் சொன்னார். ஒரு கிழவர் மொய்யை வைத்துவிட்டு, "கறி போடாதது தப்பு, அதை இதுல பதிஞ்சுக்க" என்றார். பதிவானது.

சாயங்காலம் கூட்டிப் பார்த்தபோது வேம்பரசிக்கு மயக்கம் வராத குறை. ஒரு வண்டி இருந்த இடத்தில் இனி பத்து வண்டி ஓடலாம். நார் மில்லில் வேலை பார்க்கிற பெண்களும் ஆண்களும் கூட்டம் கூட்டமாக வந்து, மற்றவர்களைவிடக் கனமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அடுத்த நாள் சந்தைத் திடலில் முதல் பெரிய கூட்டம். தமயந்தி மைக்கின் முன்னால் நின்று, "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள்.

ஒலிபெருக்கியிலிருந்து ஊரே வணக்கம் சொன்னது. பள்ளிக்கூடத்தில் ஒரே மூச்சில் வாய்ப்பாடு சொல்வது போல, நூற்றுக்கணக்கான தொண்டைகள் ஒன்றாகத் திறந்தன.  பிறகு ஆரவாரம்.

"ஏய், அது எங்க அப்பா குரலுடி!"

"இந்தா, இந்தா, நான்! நான் பேசுறேன், கேட்டியா?"

கூட்டம் சிரித்துக் கும்மாளமிட்டது. தமயந்தியும் சிரித்தபடியேதான் பேசினாள். ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் தன்னைத் தேடினாள். ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டே வாழ்ந்தவள். இப்போது ஆற்றில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு அதைத் தேடுகிற மாதிரி இருந்தது. ஐந்து வருடம் இப்படித்தான் என்பது அப்போதுதான் மனதில் உறைத்தது.

அதோடு இன்னொன்றும் உறைத்தது. பேருந்து நிலைய இரைச்சலில் பழகிய காது அவளுடையது. அந்தக் கூட்டுக் குரலில் பாதிக்கு மேல் ஒரே மாதிரியான கரகரப்பு. சொற்களை இழுத்து, சத்தமாக, நடுவே ஒரு வறட்டு இருமல். எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பேசி வந்த சத்தம். நார்த் தூசியைத் தின்று தின்று வந்த கரகரப்பு. ஆளுக்கு இவ்வளவு வைக்க இவர்களுக்கு ஏது?

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நார் மில் வாசலுக்குப் போனாள். வேப்பமர நிழலில் அமிர்தவல்லி தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தாள். மட்டை உரிக்கும் எந்திரத்தில் வேலை. பேருந்து நிலையத்தில் தினமும் பார்த்த பழக்கம்.

"அமிர்தக்கா, மறைக்காமச் சொல்லு. நீ வச்ச மொய் உன் காசா?"

அமிர்தவல்லி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "என்கிட்ட ஏதுடி அம்புட்டு? மொதலாளிதான் மில்லு ஆளுங்க முந்நூறு பேரையும் கூப்புட்டு, ஆளுக்கு ஒரு கவரைக் கையில குடுத்து, போய் உங்க பேரைச் சொல்லி வச்சுட்டு வாங்கன்னாரு. எதுக்குன்னு சொல்லல. நாங்களும் கேக்கல." ஒரு முறை இருமிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எதும் தப்பாப் போச்சா? புள்ளைங்க இருக்குடி எனக்கு. பொய் சொன்னேன்னு உள்ள வச்சுருவாங்களா?"

 வேண்டாம் என்று சொன்ன பணத்தில்தான் தமயந்தியின் பத்து வண்டிகளில் பாதி ஓடிக்கொண்டிருந்தன. சொன்னால் முந்நூறு பேருக்கும் வழக்கு வரலாம். சொல்லாவிட்டால் அவள் வைரக்கண்ணுவின் ஆள். அங்கிருந்து நேராக ஜெயசீலனிடம் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "சட்டத்துல இதுக்கு ஒரு வரி இருக்குங்க. கிரானைட்காரர் மச்சினி விவகாரத்துக்கப்புறம் சேத்தது. ஒருத்தர் இன்னொருத்தர் கையில பணம் குடுத்து, அவங்க தங்க பேரையே சொல்லி வச்சிட்டா, அது அவங்களுக்குக் குடுத்த அன்பளிப்புன்னுதான் அர்த்தம். குடுத்தவர் என்னைக்காச்சும் 'அது என் பணம்'னு உரிமை கேட்டாத்தான் குற்றம். அதுவும் கேக்குறவர் மேலதான்."

"அப்ப அவர் கேக்காத வரைக்கும்?"

"அது அந்த முந்நூறு பேரோட பணம். குரலும் அவங்களோடது."

வைரக்கண்ணு கேட்கத்தான் வந்தார். இரண்டு நாள் கழித்து, பேருந்து நிலைய டீக்கடையில் தமயந்தியும் வேம்பரசியும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பெஞ்சில் வந்து அமர்ந்தார்.

"கூட்டமெல்லாம் களை கட்டுதாமே தங்கச்சி. சந்தோசம். மொய்க்கணக்குன்னு ஒண்ணு இருக்குல்ல, அதான் ஒரு வார்த்தை பேசிட்டுப் போலாம்னு வந்தேன். பஸ் ஸ்டாண்ட் விசயத்தைக் கொஞ்சம் லேசாப் பேசு. போதும்."

தமயந்தி டீக் கிளாஸைக் கீழே வைத்தாள். "என்ன மொய்ண்ணே? உங்க பேர்ல மொய்யே இல்லையே."

"அட, என் ஆளுங்க வச்சதும் நான் வச்சதும் ஒண்ணுதானேம்மா."

"ஒண்ணா?" வேம்பரசி பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தாள். "எந்த ஊர்லண்ணே? யாரு பேரைச் சொல்லி மொய் விழுந்துச்சோ அவங்க வீட்டுக்குத்தானே திருப்பிச் செய்யணும்? நாளைக்கு அமிர்தவல்லி விசேசத்துக்கு இவ செய்யாம இருந்தா ஊரு இவ மூஞ்சில காறித் துப்பும். உங்களுக்குச் செய்யலன்னா யாரு கேப்பா?"

 வைரக்கண்ணு வீட்டு மொய்யையெல்லாம் மேனேஜர்தான் வைப்பது வழக்கம். எல்லாம் அவர் பெயரிலேயே போய், அவர் பெயரிலேயே வந்து பழகிவிட்டது. பெயரும் பணமும் வெவ்வேறு வாசல் வழியாகப் போகக்கூடும் என்று நினைத்துப் பார்க்கும் அவசியமே அவருக்கு நேர்ந்ததில்லை.

"இப்ப நான், அது என் பணம்னு ஆபீசர்கிட்ட போய்ச் சொன்னா?"

"தாராளமாச் சொல்லுங்கண்ணே" என்றாள் தமயந்தி. "உங்க மேல வழக்கு வரும். எங்க பெட்டியிலயும் உங்க குரல் ஏறிடும். அந்தப் பக்கம் நீலமேகத்துலயும் நீங்க, இந்தப் பக்கம் எனக்குள்ளயும் நீங்க. கடைத்தெருவுல ரெண்டு வைரக்கண்ணு எதிரெதிரா நின்னு சண்டை போட்டா, பாக்க நல்லாத்தான் இருக்கும்."

டீக்கடைக்காரர் பக்கென்று சிரித்துவிட்டு, பால் பொங்குவதைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார். வைரக்கண்ணுவுக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது. "டீக்காசு நான் குடுத்துட்டுப் போறேன்" என்று எழுந்தார்.

"அதுவும் வேணாம்ணே. டீ குடிச்சாலே தொண்டை மாறிடுமோன்னு பயமா இருக்கு" என்றாள் வேம்பரசி.

அதன்பிறகு தமயந்தி எதையும் லேசாகப் பேசவில்லை. பேருந்து நிலையத்தைப் பற்றிப் பேசினாள். அதோடு நார்த் தூசியைப் பற்றியும், மட்டை ஊறவைத்த தண்ணீர் கிணறுகளில் செம்பழுப்பாக இறங்குவதைப் பற்றியும் பேசினாள். அது யாருடைய பிரச்சினையோ, அவர்களுடைய தொண்டையிலேயே அது ஒலித்தது. மில் வாசலில் வண்டி நின்றபோது, உள்ளே எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். தங்கள் குரல் இவ்வளவு தூரம் போகும் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை. தேர்தல் முடிவதற்குள் அவர்களே முதலாளியின் அறைக்குப் போய் முகக்கவசமும் தூசி உறிஞ்சும் விசிறியும் கேட்டு வாங்கிவிட்டார்கள்.

தமயந்தி சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தாள். பேருந்து நிலையம் இருந்த இடத்திலேயே இருந்தது. சட்டசபையில் அவள் கேள்வி கேட்க எழுந்தால், ஒரு கிராமமே உள்ளே புகுந்துவிட்டது போல இருக்கிறது என்று மற்ற உறுப்பினர்கள் காதைத் தேய்த்துக்கொண்டார்கள். வீட்டில் மைக் இல்லாமல் அவள் தன் குரலில் பேசினாள். நடுவில் நிறுத்தி, அதைத் தானே கேட்டுப் பார்த்துக்கொள்வாள்.

அடுத்த ஆடியில் அழைப்பிதழ் வந்தது. நார் மில் தொழிலாளர்கள் எல்லாரும் சேர்ந்து போடும் கூட்டு மொய் விருந்து. அந்தந்தப் பெயருக்கு விழுகிற மொய்யை அவரவர் தன் பெயரிலேயே ஒரே காரியத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள்: மில் இருக்கும் ஊராட்சியின் தலைவர் தேர்தலில் அமிர்தவல்லி நிற்கிறாள். வைரக்கண்ணுவின் மைத்துனர் மூன்று முறையாக உட்கார்ந்திருக்கிற நாற்காலி அது. மில்லின் தண்ணீரை எங்கே விடலாம் என்று கையெழுத்துப் போடுகிற நாற்காலி.

"வந்துருச்சுடி. முந்நூறு பேருக்கும் ஒரே நாள்ல திருப்பணும்" என்று வேம்பரசி தலையில் கை வைத்தாள். "எம்.எல்.ஏ. சம்பளம்னு ஒண்ணு வந்துச்சே, அதைக் கண்ணால பாத்தியா நீ?"

"இனிமேயும் பாக்கப் போறதில்லக்கா" என்றாள் தமயந்தி. மனதுக்கு லேசாக இருந்தது.

வாங்கிய மொய்யை ஒவ்வொரு பெயருக்கும் திருப்பிச் செய்தாள். வழக்கப்படி மேலே கொஞ்சம் புது மொய் வைக்க வேண்டும். அதை அமிர்தவல்லியின் தேர்தலுக்கே தன் பெயரில் வைத்து, ஜெயசீலனின் மைக்கில் நாலு வரி பேசினாள். பழக்கதோஷம், 'பேருந்து புறப்படத் தயாராக உள்ளது' என்பதே வாயில் வந்தது. வரிசையில் அவளுக்குப் பின்னால் வைரக்கண்ணு நின்றிருந்தார். மில் ஆட்கள் மொத்தமும் கைகூப்பி அழைத்துவிட்டுப் போன விருந்துக்கு வராமல் இருக்க அந்த ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது. மேனேஜரை அனுப்பாமல் தானே வந்து, அதே மைக்கில் தன் பெயரையே சொல்லி, ஊர் வழக்கத்துக்கு எவ்வளவோ அவ்வளவு வைத்தார்.

சாயங்காலம் மண்டப வாசலிலேயே அமிர்தவல்லியின் முதல் பேச்சு. அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொடங்கினாள். கரகரவென்று, இழுத்து, சத்தமாக, மில்லே பேசியது.

தமயந்தி தலையைச் சாய்த்துக் கேட்டாள். அந்தக் கரகரப்புக்கு நடுவே, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும், ஒரு நூல் அளவுக்குத் தெளிவாக ஏதோ இழைந்தது. அது தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் வைரக்கண்ணுவும் காதில் கையைக் குவித்து நின்றுகொண்டிருந்தார்.

"கேக்குதாண்ணே?"

"இரு, இரு." கண்ணை மூடிக்கொண்டார். சட்டென்று முகம் மலர்ந்தது. "அந்தா, அந்த இருமல். அது நான்தானே?"

"இல்லண்ணே" என்றாள் தமயந்தி. "அது நார்த் தூசி இருமல். அது உங்களுக்கு ஏது?"

 அவர் குவித்த கையை எடுக்காமல், இன்னும் ஓர் அடி ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.